எட்டுப் படி உதாரணம்

போடியில பொருளாதாரம்னு ஒண்ணு இருக்குங்கிறதே அம்பத்தொண்ணாம் வருசம் வரைக்கும் எங்களுக்குத் தெரியாது. அதுக்கு முன்னாடி விலை இருந்துச்சு, கூலி இருந்துச்சு, பசி இருந்துச்சு. இதுகளையெல்லாம் சேத்து மொத்தமா ஒரு பேரு இருக்கு, அந்தப் பேருக்கு ஒரு ஆபீசும் உண்டுன்னு போர்டு மாட்டுன அன்னிக்குத்தான் விளங்குச்சு. 'பொருளாதார விளக்க உப அலுவலகம்.' ஏலக்காய்க் குடோனுக்கு மேல மாடி. ஏறி வர்றதுக்குப் பதினாலு படிக்கட்டு. கீழ ஒரு முக்காலி போட்டு அதுல என்னைய ஒக்கார வச்சிருந்தாக. நான் தங்கப்பாண்டி, பியூனு.

ஆபீசுக்கு ஒரே ஒரு சோலிதான். சனங்க யாராச்சும் வந்து, நம்ம நாட்டோட பொருளாதாரம் என்னான்னு கேட்டா விளக்கணும். விளக்குனதும் 'விளங்கியது'ன்னு அச்சடிச்ச பாரத்துல கையெழுத்து வாங்கணும், எழுதத் தெரியாதவுகன்னா பெருவிரல் ரேகை. மாசக் கடைசியில எத்தனை பேருக்கு விளங்குச்சுன்னு மதுரைக்கு எழுதணும். பதினோரு மாசம் 'இல்லை'ன்னு எழுதுனோம். அந்த 'இல்லை'யையும் மூணு காப்பி எடுத்துத்தான் அனுப்புனோம்.

மாடியில ஸ்பெஷல் ஆபீசர் சௌந்தரபாண்டியன் இருந்தாரு. படிச்ச மனுசன், பட்டணத்துப் பேச்சு. ஹெட்கிளார்க்கு ஜக்கையன் உள்ளூர்க்காரரு, ரூல் புத்தகத்தத் தலைமாட்டுல வச்சுத் தூங்குற ஆளு. பன்னெண்டாவது மாசம் மேலருந்து ஒரு சுற்றறிக்கை வந்துச்சு. ஆறு வயசுக் குழந்தைக்குப் புரியிற மாதிரி பொருளாதாரத்தச் சொல்ல முடியாத அதிகாரிக்கு அது தெரியாதுன்னே கருதப்படும், பங்குனி முடியிறதுக்குள்ள ஒரு குழந்தையோட ரேகையாவது வந்து சேரணும், இல்லாட்டி ஆபீச மூடிரலாம்னு போட்டிருந்தான்.

சௌந்தரபாண்டியனுக்கு அன்னியிலருந்து சோறு எறங்கல. ஜக்கையன் தன் கடைசி மகனக் கூட்டியாந்தாரு. 'நாடு என்பது'ன்னு ஆபீசரு ஆரம்பிச்சதும் அவன் தூங்கிட்டான். மறுநா மூத்த மூணையும் கூப்பிட்டாரு. மூணும் வைக்கோப்படப்புக்குள்ள போயி ஒளிஞ்சுக்கிட்டு, பொழுது சாஞ்சுதான் வெளிய வந்துச்சுக.

இப்படி ஆபீசே குழந்தைக்கு அலைஞ்சிக்கிட்டு இருந்தப்பத்தான் ராக்கு வந்தா. கையில ஒரு பொம்பளப் பிள்ளை, முன்பல்லு ரெண்டு விழுந்திருந்துச்சு.

"அண்ணே, பொருளுக்கு ஆதாரம் குடுக்கிற ஆபீசு இதுதானா?"

நான் ஒரு தடவை போர்டப் பாத்தேன். பொருள். ஆதாரம். கூட்டிப் படிச்சா அவ கேக்குறதுல என்ன தப்புன்னு எனக்கே தோணிப்போச்சு.

விசாரிச்சேன். அவளும் அவ புருசன் வீரணனும் மேல எஸ்டேட்டுல வேலை. "நாங்க ஏலத்துக்குப் போயி ஏழு வருசமாச்சுண்ணே"ன்னா. எங்க ஊர்ல ஏலத்துக்குப் போறதுன்னா ரெண்டு உண்டு. ஏவாரி சொன்னா, சரக்கு கூவி விக்கிற எடத்துக்குப் போறான்னு அர்த்தம். கூலிக்காரி சொன்னா, மலைக்கு ஏலக்காட்டு வேலைக்குப் போறா. ஒரே வாயில வர்ற ஒரே வார்த்தைதான், யாரு வாயிங்கிறதுலதான் வித்தியாசம்.

வீரணன் காய்ச்சல்ல படுத்து மூணு வாரம். எஸ்டேட்டுல வேலைக்கு வந்ததாப் பேரு விழுந்தாத்தான் அரிசி, படுத்தவனுக்கு ஏது. அதனால அவன லயத்துல பக்கத்து வீட்டுக்காரி பொறுப்புல விட்டுட்டு, ராக்கு பிள்ளையோட எறங்கி சிலமலையில தன் அண்ணன் வீட்டுக்கு வந்து, கதிரறுப்புக்குப் போயிருக்கா. கூலியா வந்த நெல்லக் குத்தி எட்டுப் படி அரிசி. அதத் தலையில வச்சு மலையேறப் போனா, அடிவாரச் சாவடியில மறிச்சிட்டாங்க. கன்ட்ரோல் காலம். மலைக்கு மேல வேற ராஜ்யம், பர்மிட் இல்லாம ஒரு மணி அரிசி தாண்டக் கூடாது. "பொருளுக்கு ஆதாரம் எங்க? ஆதாரம் கொண்டா, அரிசியக் கொண்டுபோ"ன்னு சாவடிக்காரன் சொல்லி மூட்டைய வாங்கி வச்சுக்கிட்டான். இவ பஜாருல வந்து பொருள் ஆதாரம் எங்க கெடைக்கும்னு கேட்டிருக்கா. டீக்கடைக்காரரு எங்க போர்டக் கைகாட்டிட்டாரு.

நான் மேல போயிச் சொன்னேன். சௌந்தரபாண்டியன் பேனாவக் கீழ வச்சாரு.

"குழந்தைக்கு என்ன வயது?"

"ஆறு சார்."

"சரியாக ஆறா?"

"பல்லப் பாத்தா அப்படித்தான் இருக்கு."

அவரே எந்திரிச்சு வாசலுக்கு வந்தாரு. ராக்குவப் பாத்துக் கும்பிட்டாரு. பதினோரு மாசத்துல அவரு யாரையும் கும்பிட்டு நான் பாக்கல. "அம்மா, சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள். பொருளாதாரம் இங்கேதான் கிடைக்கும்"னாரு.

ராக்குவுக்குக் கண்ணு கலங்கிருச்சு. "அப்பக் குடுத்துருங்க சாமி. நான் வெரசா மலையேறணும். எம் புருசனுக்குப் பனி."

"மலை என்றால் பனி இருக்கத்தானே செய்யும்?"

ஜக்கையன் எழுதிக்கிட்டாரு: 'கணவர் பனியில் உள்ளார். கம்பளி கோரினால் உரிய இலாகாவை அணுகச் சொல்லலாம்.' நான் குறுக்க விழுந்து, "சார், மலையில பனின்னா காய்ச்சலு. மலையாளத்துப் பேச்சு, இவுகளுக்கும் ஒட்டிக்கிருச்சு"ன்னேன். "அது அண்டை ராஜ்யத்துச் சொல். அதை நம் பைலில் ஏற்ற எனக்கு அதிகாரம் இல்லை"ன்னுட்டாரு ஆபீசரு. வீரணன் கடைசி வரைக்கும் பைல்ல பனியிலேயே இருந்தான்.

அன்னிக்கே பாடம் தொடங்குச்சு. பெரியவுக பக்கத்துல இருந்தாப் பிள்ளைக்குச் சொந்தமாப் புரியாதுன்னு ராக்குவக் கீழ என் முக்காலிப் பக்கத்துல ஒக்காரச் சொல்லிட்டாரு. நான் மேல போக வர இருந்தேன்.

"குழந்தாய், உன் பெயர்?"

"சுருளியம்மா."

"சுருளியம்மா, நாடு என்பது ஒரு பெரிய குடும்பம். அரசாங்கம்தான் அப்பா. நாமெல்லாம் பிள்ளைகள்."

"எங்க அரிசிய யாரு எடுத்துக்கிட்டா?"

"அரசாங்கம் எடுத்து வைத்திருக்கிறது."

"எங்கப்பா எடுக்காது. இருக்கிறத எனக்குக் குடுத்துட்டு அது கஞ்சித்தண்ணியக் குடிக்கும்."

சௌந்தரபாண்டியன் "உன் அப்பாவுக்கு நிர்வாக அனுபவம் போதாது"ன்னு சொல்லி அடுத்த பக்கத்தத் திருப்புனாரு.

மூணு நா போச்சு. பிள்ளை எங்க சுத்துனாலும் அரிசிக்கே வந்து நின்னுச்சு. ஆபீசருக்கு ஒரு யோசனை வந்துச்சு. கண்ணால பாத்தாத்தான் புரியும், அந்த அரிசியவே கொண்டாந்து பாடம் நடத்துவோம்னாரு. சாவடிக்குக் கடுதாசி போச்சு. பறிமுதல் சரக்குப் பொறுப்ப இனி ஒங்க ஆபீசே ஏத்துக்கிடணும்னு பதில் வந்துச்சு. நாந்தான் போயி மூட்டையத் தோள்ல தூக்கியாந்தேன்.

கீழ ஒக்காந்திருந்த ராக்கு பாத்துட்டா. ஓடியாந்து முடிச்சத் தொட்டுப் பாத்தா. "எஞ் சேலக் கிழிசலுதான். நான் போட்ட முடிச்சுதான்ணே." அவ முகத்துல அப்ப ஒரு தெளிச்சி வந்துச்சு. "ஆதாரம் கெடச்சிருச்சா?"

"இரு ஆத்தா, கேட்டுச் சொல்றேன்"னு மேல ஏறிட்டேன். ஜக்கையன் ரிஜிஸ்தர்ல பதிஞ்சாரு: 'பாட உபகரணம், ஒன்று.'

மேசையில துணிய விரிச்சு எட்டுப் படியையும் கொட்டுனாரு ஆபீசரு. அடிக்கோல வச்சுக் குமிகுமியாப் பிரிச்சாரு. இது அணைக்கட்டு, இது ரயிலு, இது பட்டாளம், இது ஐந்தாண்டுத் திட்டம். திட்டத்துக்கு மட்டும் ரெண்டு குமி.

"திட்டம்னா யாரத் திட்டுவாக?"ன்னு கேட்டுச்சு சுருளியம்மா.

"யாரையும் திட்டமாட்டார்கள்."

"அஞ்சு வருசத்துக்குமா?"

ஜக்கையன் சிரிச்சிட்டாரு. ஆபீசரு பாத்ததும் இருமுற மாதிரி ஆக்கிக்கிட்டாரு.

கடைசியில மேசை ஓரத்துல ஒரு கைப்பிடி மிஞ்சி நின்னுச்சு. "இது பொதுமக்களுக்கு"ன்னு ஆபீசரு பெருமையாச் சொன்னாரு.

"அப்ப இத எங்கப்பாவுக்கு எடுத்துக்கிறவா?"

அவரு அது கைய மெதுவா வெலக்குனாரு. "கூடாது. இது அரிசி இல்லை குழந்தாய். இது உதாரணம்."

அன்னியிலருந்து அந்த அரிசிக்கு ஆபீசுல உதாரணம்னுதான் பேரு. சாயங்காலம் பூட்டும்போது "உதாரணத்தை மூடி வைத்தாயா தங்கப்பாண்டி?"ன்னு கேப்பாரு. மூடித்தான் வச்சேன். ஆனா கீழ குடோன்ல எலி சாஸ்தி, சன்னல்ல புறா வேற. அளந்து பாத்தா எட்டுப் படி ஏழு ஆச்சு. ஜக்கையன் பயந்துபோயிச் சொன்னாரு. ஆபீசருக்குச் சந்தோசம். "எல்லாப் பொருளாதாரத்திலும் கசிவு உண்டு. அதையும் பாடத்தில் சேர்த்துக்கொள்வோம்"னாரு. எலியும் புறாவும் ரெண்டு நாள் பாடத்துக்கு ஆச்சு.

விலைங்கிறதுக்கு ஒரு பாடம். அடிக்கோலால மேசையத் தட்டி, "ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்"னு அவரே கூவி, அவரே கேட்டு, அவரே எடுத்துக்கிட்டாரு. "இதற்கு ஏலம் என்று பெயர். அதிகம் கொடுப்பவனுக்குப் போய்விடும்"னாரு. அந்த ஒரு பாடந்தான் பிள்ளைக்குப் பிடிச்சிருந்துச்சு. எறங்கி வந்து படிக்கட்டுல கூழாங்கல்ல அடுக்கி வச்சு, ஒரு தரம் ரெண்டு தரம்னு வெளையாடும். ராக்கு பாத்துக்கிட்டே இருப்பா. பிள்ளை என்னமோ படிக்குதுன்னு அவளுக்கு ஒரு நம்பிக்கை.

தெனமும் சிலமலையிலருந்து விடியக் கெளம்பி நடந்து வந்தாக ரெண்டு பேரும். பத்தாம் நாளு, மலையிலருந்து ஏலக்காய் மூட்டை எறக்க வந்த பால்சாமி அவள அடையாளங் கண்டு, "ஏத்தா ராக்கு, வீரணனுக்குப் பனி விடல. வெந்நியக் குடிச்சிட்டுக் கெடக்கான். கஞ்சி கஞ்சிங்கிறான்"னு சொல்லிட்டுப் போனான். மத்தியானம் ஆபீசரு சாப்பாட்டுக்கு எறங்குனப்ப ராக்கு எந்திரிச்சு வழிய மறிச்சு நின்னா.

"சாமி, அந்த உதாரணத்துல ஒரு படி குடுங்க. இன்னிக்கே ஏறிப்போயிக் கஞ்சி காச்சிக் குடுத்துட்டு வந்துர்றேன். மிச்சத்த வச்சு நீங்க பாடம் நடத்துங்க. பிள்ளையையும் விட்டுட்டுப் போறேன்."

இந்த மனுசன் சரின்னுருவாருன்னுதான் நெனச்சேன். அவரு கெட்டவரு இல்ல, அதையும் சொல்லணும். நாய்க்குக்கூட ஒரு வாய் வச்சிட்டுத்தான் திங்கிற ஆளு.

அவரு ரொம்பத் தன்மையாத்தான் சொன்னாரு. "அம்மா, உங்கள் கஷ்டம் எனக்குத் தெரிகிறது. ஆனால் இப்போது ஒரு படி எடுத்துக் கொடுத்தால், குழந்தைக்கு இந்த நாட்டைப் பற்றியே தவறான எண்ணம் ஏற்பட்டுவிடும். கேட்டால் கிடைக்கும் என்று நினைத்துவிடுவாள். பத்து நாள் உழைப்பு வீணாகிவிடும். இன்னும் சில நாள். அவளுக்கு விளங்கிவிட்டால் எல்லாருக்கும் நல்லது."

ராக்கு வெலகி நின்னா. அன்னிக்குச் சாயங்காலம் போகும்போது எங்கிட்ட, "எம் பிள்ளைக்கு மட்டு புத்தியாண்ணே? வெரசா வெளங்க மாட்டேங்குதே"ன்னு கேட்டா.

பதினாறாம் நாளு மதுரையிலருந்து மேலதிகாரி ஜீப்புல வந்து எறங்குனாரு, பிள்ளையப் பரிச்சை பண்ண. மாலை போட்டோம். மேசையில உதாரணத்தப் புதுசாக் குமிச்சு வச்சோம், அப்ப அது ஆறரைப் படி. மேலதிகாரி மொதல்ல அரை மணி நேரம் பேசுனாரு. "நமது தேசத்தில் அரிசிக்குப் பஞ்சம் வரலாம். விளக்கத்துக்குப் பஞ்சம் வர நாம் விடமாட்டோம்"னாரு. நாங்க மூணு பேரும் கைதட்டுனோம். அப்புறம் பிள்ளைய முன்னால நிறுத்துனாக.

"பயப்படாமல் சொல். பொருளாதாரம் என்றால் என்ன?"

சுருளியம்மா குமியப் பாத்துச்சு. படிக்கட்டுப் பக்கம் பாத்துச்சு.

"எங்க அரிசி மேல இருக்கு. எங்கம்மா கீழ இருக்கு. நடுவுல பேசிக்கிட்டே இருக்காக. அதுதான்."

சௌந்தரபாண்டியன் முகம் வெளுத்துப் போச்சு. ஜக்கையன் ரூல் புத்தகத்த மாரோட அணைச்சுக்கிட்டாரு. மேலதிகாரி கண்ண மூடி யோசிச்சாரு.

"சபாஷ்"னாரு. "உற்பத்தி, தேவை, நிர்வாகம். மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லிவிட்டாளே. எனக்கு இது விளங்க இருபது வருஷ சர்வீஸ் ஆயிற்று." அங்கனயே ஆபீசுக்கு இன்னும் மூணு வருசம் நீட்டிப்பு, சௌந்தரபாண்டியனுக்கு மேல்பதவின்னு சொல்லிட்டாரு.

பிள்ளை பெருவிரல்ல மையத் தடவி பாரத்துல அழுத்துனாக. ஆபீசரு குனிஞ்சு அதுகிட்டச் சொன்னாரு: "பார், விளங்கியது என்று ரேகை வைத்துவிட்டாய். இனிமேல் கேள்வி கேட்கக் கூடாது. கேட்டால் விளங்கவில்லை என்று ஆகிவிடும், பாரம் செல்லாமல் போய்விடும். புரிந்ததா?" அது தலைய ஆட்டுச்சு.

"நாளைக் காலையில வந்து அரிசிய வாங்கிக்கிட்டுப் போத்தா"ன்னு ஜக்கையன் மேல நின்னே சொல்லிட்டாரு. நெசமா மனசாரத்தான் சொன்னாரு. ராக்கு என்னையப் பாத்துக் கும்பிட்டா. நான் ஒண்ணுமே செய்யல, எனக்கும் சேத்துக் கும்பிட்டா.

அவ போனதுக்கு அப்புறந்தான் ஜக்கையன் ரூலப் பெரட்டுனாரு. பறிமுதல் சரக்குக்கு உரிமை கோரிப் பதினஞ்சு நாளைக்குள்ள மனு வரணும். வராட்டி ஏலம் போட்டுரணும். நேத்தோட பதினஞ்சு முடிஞ்சிருச்சு.

"அவ தெனமும் இங்கதான சார் ஒக்காந்திருந்தா?"ன்னேன்.

"ரிஜிஸ்தர்ல அப்படி இல்லப்பா. குழந்தை, பாடம் கேக்க வந்தவர். தாயார், துணைக்கு வந்தவர். அரிசி கேட்டு யாரும் வந்ததா இல்ல."

ஆபீசரு வருத்தப்பட்டாரு. நெத்தியத் தடவிக்கிட்டாரு. "விதியை இன்று மீறினால், இதுவரை குழந்தைக்குச் சொன்னதெல்லாம் பொய்யாகிவிடும்"னாரு.

மறுநாக் காலையில எட்டு மணிக்கு ஏலம். நாந்தான் மணியடிச்சேன். கேக்க வேற ஆளு வரல, ஜக்கையன் கேட்டாரு, மூணு தரம் சொல்லி எடுத்தாரு. அவருக்காக இல்ல, ஆபீசருக்கு மேல்பதவி வந்ததுக்கு விருந்து வைக்கணுமே, அதுக்கு. குடோன் பின்கட்டுல ஒலைய ஏத்திட்டாக.

"அந்தப் பொம்பள வந்தா, அரிசி ஏலத்துக்குப் போயிருச்சுன்னு சொல்லி அனுப்பிரு"ன்னாரு ஜக்கையன்.

வந்தா. தலையில சும்மாடு சுத்தித் தயாரா வந்தா. பிள்ளைக்கு எண்ணெ தடவித் தலைசீவி விட்டிருந்தா.

"அண்ணே, அரிசி?"

"ஏலத்துக்குப் போயிருச்சு ஆத்தா"ன்னேன்.

அவ ஒரு நிமிசம் திகைச்சு நின்னா. அப்புறம் அந்த முகம் மலந்துச்சே, அப்படி ஒரு மலர்ச்சிய நான் அந்த ஆபீசுல பாத்ததில்ல. "ஏலத்துக்கா? மலைக்கே ஏத்தி விட்டுட்டாகளா? அந்தச் சாமி வந்தாரே, அவரு ஜீப்புலயா? நான் சொமக்க வேணாம்னா?"

நான் சொல்லியிருக்கலாம். அந்த ஏலம் இல்ல ஆத்தா, இது வேறன்னு ஒரு வார்த்தை. வாயி வரைக்கும் வந்துச்சு. சொன்னா அவ அங்கனயே ஒக்காந்து அழுவா, மேல ஆபீசரு எறங்கி வருவாரு, மறுபடி விளக்குவாரு. அத என்னால பாக்க முடியாது. எனக்கு வெக்கமா இருந்துச்சு, பயமாவும் இருந்துச்சு. "ம்"னு மட்டும் சொன்னேன்.

"நல்லா இருக்கட்டும் அவுக பிள்ளைகுட்டி"ன்னு மாடியப் பாத்துக் கையெடுத்தா. சும்மாட்ட அவுத்துத் தோள்ல போட்டா. "வாடி, கையவீசி நடந்தா மசங்குறதுக்குள்ள ஏறிரலாம். நமக்கு முந்தி அரிசி போயிருக்கும். ஒங்கப்பனுக்கு இன்னிக்குக் கஞ்சி இல்ல, சோறே ஆக்கிப் போட்டுருவோம்."

சுருளியம்மா நகரல. பின்கட்டுலருந்து சோறு கொதிக்கிற வாசம் வந்துக்கிட்டு இருந்துச்சு. பிள்ளை அந்தப் பக்கம் பாத்துச்சு, படிக்கட்டுல தான் அடுக்கி வச்சிருந்த கூழாங்கல்லப் பாத்துச்சு, என்னையப் பாத்துச்சு. அதுக்குத் தெரிஞ்சு போச்சு. வாயத் தொறந்துச்சு. அப்புறம் மை அழியாத பெருவிரலப் பாத்துட்டு, என் பக்கத்துல வந்து மெதுவாச் சொன்னுச்சு.

"கேக்கக் கூடாதுல்ல மாமா?"

"ஆமா தாயி"ன்னேன்.

அது ஓடிப்போயி அம்மா கையப் பிடிச்சுக்கிச்சு. மலை ரோட்டுல ரெண்டு பேரும் வெறுங்கையோட போறதப் பஜார் முக்கு திரும்புற வரைக்கும் பாத்துக்கிட்டே நின்னேன். ராக்கு என்னமோ பேசிக்கிட்டே போனா. பிள்ளை ஒண்ணுமே பேசல.

மத்தியானம் மாடியில எல போட்டாக. அந்த மேசையிலதான். சௌந்தரபாண்டியன் என்னையும் சரிசமமா ஒக்கார வச்சாரு.

"அந்தக் குழந்தை போய்விட்டாளா?"

"போயிருச்சு சார்."

"போகும்போது ஏதாவது கேட்டாளா?"

"இல்ல சார். ஒண்ணும் கேக்கல."

"பார்த்தீர்களா ஜக்கையன்? பூரணமாக விளங்கியிருக்கிறது"ன்னு அவரு சோத்தப் பெசஞ்சாரு. புது அரிசி, நல்ல மணம். ஜக்கையன் என் எலைக்கு ரெண்டாந்தரம் சோறு கொண்டாந்தாரு. நான் வாங்கிக்கிட்டேன்.